எச்சில் சோற்று அடுப்பு

அன்பு மகள் நந்தினிக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். புனேயில் மழை விடவில்லை என்றாயே, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி கம்மி. நேற்று வீடியோ காலில் நீ கேட்டபோது கேஸ் ஜோராக எரிகிறது என்றேனே, அது பொய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ லீவு போட்டு வந்து வீடு வீடாகப் பேசி நம் தெருவுக்கு வைத்துக்கொடுத்த சாண கேஸ் தொட்டி நின்றுபோய்விட்டது. நிறுத்தியது நான்தான். கிரிவலப் பாதை அன்னதானத்தில் மிஞ்சுகிற சோற்றையும் இலையில் ஒதுக்கியதையும் சாணத்தோடு கலந்தால் கேஸ் ஜாஸ்தி வரும் என்று நீ சொன்னபடி, எதிர்வீட்டுத் தென்றல் பௌர்ணமிதோறும் வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். போன ஆடி வெள்ளிக்குப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், ஊரான் எச்சில்ல எரியிற அடுப்புல சாமிக்குப் பொங்கல் வைக்கமாட்டேன் என்று வாயை விட்டேன். பெரிய மனுஷி என்கிற நினைப்பு எனக்கு. அவ்வளவுதான், ஆளாளுக்குக் குழாயை மூடிவிட்டார்கள், சாணம் தருவதும் நின்றது. தென்றல் வீட்டு ஒற்றை மாட்டுச் சாணம் அந்தத் தொட்டிக்கு எம்மாத்திரம்? எங்களுக்கெல்லாம் சிலிண்டர் இருக்கிறது, அவள் சுள்ளி பொறுக்கப் போனாள். அவள் இளைப்புக்காரி என்று எனக்குத் தெரியாதா? முந்தாநாள் ஈர விறகுப் புகையில் மூச்சு முட்டி, அவள் புருஷன் கலையரசன் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பிழைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே பார்க்கப் போனேன். அவளோ, நந்தினிகிட்ட சொல்லிடாதீங்க பெரியம்மா, பாவம், அது மனசு ஒடைஞ்சுடும் என்கிறாள். கூனிக் குறுகிப் போனேன் மகளே. அதே அன்னதானப் பந்தியில் நானும்தானே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்த வாளியில் என் எச்சிலும்தானே இருந்தது.

நேற்றிலிருந்து நானே சாணம் கரைத்து ஊற்றுகிறேன், அடுப்பு இன்னும் சரியாகப் பற்றவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடும்போது, நான் சொன்னது தப்பு என்று அதே இடத்தில் சொல்லப் போகிறேன். யார் சிரித்தாலும் சொல்வேன்.

என்மேல் கோபப்படு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். தீபத்துக்கு வரும்போது ஞாபகமாக முதலில் தென்றல் வீட்டுப் படியேறு, அப்புறம் நம் வீட்டுக்கு வா. நான் வாசலிலேயே நிற்கிறேன்.

இப்படிக்கு,
வாய் நீண்ட உன் அம்மா,
வள்ளி