சூடு பார்க்கிற வேலை

லூதியானா
11-2-1975

சுராயா, உனக்கும் அத்தாவுக்கும் குழந்தை அமீனாவுக்கும் சலாம். அத்தாவுக்கு மூச்சிரைப்பு தேவலையா? கோவளத்தில் மீன் கிடைக்கிறதா? நான் சுகம்.

சைக்கிள் கம்பெனியில் என்னை வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். பால்காரர் சைக்கிளுக்குப் போடுவது சாதா இரும்புக் குழாய். கனம், எதையும் தாங்கும். பந்தய சைக்கிளுக்குக் குரோம் கலந்த எஃகு. மெல்லிசு. பற்றவைத்த சூட்டோடு தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும், தானாகத்தான் ஆற வேண்டும். ஆறியதா என்று கையால் தொட்டுப் பார்த்து அடுத்த ஆளிடம் கொடுப்பது என் வேலை.

போன வாரம் திங்கட்கிழமை ஒரு தமாஷ். ஒரு குழாயைப் பிடித்துப் பார்த்து, ஆறிவிட்டது என்று நம்ம திருப்போரூர் தாவீது கையில் கொடுத்தேன். கத்திக்கொண்டே கீழே போட்டான்.

"இன்னா அண்ணாத்த, உனக்குச் சுடலியா?" என்றான்.

பார்த்தால் என் கையும் கொப்பளித்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பயப்படாதே, கொப்புளம் வற்றிவிட்டது. நீ தேங்காயெண்ணெய் தடவுவாயே, மணிக்கட்டுத் தேமல், அதுதான் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

யாராவது வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. செங்கல்பட்டுக்குப் போனால், திருமணி குஷ்டரோக ஆஸ்பத்திரியில் புது ஆட்களை எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுது. யாருக்கு என்று கேட்டால், தெரிந்தவருக்கு என்று சொல்.

சங்கு ஊதிவிட்டது, போகிறேன். அமீனா முதுகிலும் ஒரு தேமல் இருந்ததே. அவளைக் கண்ணை மூடச் சொல்லி, அதன்மேல் கோழி இறகால் தடவிப் பார். கூசுது என்று சிரித்தாளானால் உடனே எழுது.

நூர்முகமது