டிரைவரிடம் கொடுத்தனுப்பிய பதில்

மேற்குத் தாம்பரம்
8.9.1992

படப்பைத் தங்கைக்கு,

நாளை மறுநாள் அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு மகனோடு வரப்போவதாகச் சொல்லியனுப்பினாய். அவர் உனக்கு எழுதிய கடிதங்களைக் கட்சிக்காரர்கள் முன்னால் படிப்பாயாம். தாராளமாக வா. உனக்கும் இலை போடச் சொல்கிறேன்.

அவர் எம்.எல்.ஏ. ஆன நாளிலிருந்து இந்த வீட்டுத் தபாலைப் பிரித்துப் பதில் போட்டது நான்தான். ரோடு, ரேஷன் கார்டு என்று வந்த மனுக்களுக்கு நடுவில் உன் முதல் கடிதமும் வந்தது. மாசமாக இருக்கிறேன், ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தாய். அவரிடம் நீட்டினேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எலக்‌ஷன் டைம்ல வந்து பேஜார் பண்ணப் போவுது. நீயே எதுனா எழுதிப் போட்டுடு."

எழுதினேன். அழாதே என்றதும் நான்தான், தாம்பரம் பக்கம் வராதே, நானே வருகிறேன் என்றதும் நான்தான்.

பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்க வேண்டும், உங்கள் அப்பா பெயர் என்ன என்று கேட்டாய். சிட்டிபாபு என்று எழுதினேன். என் மாமனார் பெயர் கேசவன். அதை என் பிள்ளைக்கென்று வைத்திருந்தேன், பிறக்கவில்லை. சிட்டிபாபு, இந்தக் கடிதத்தோடு உன் வாசலில் நிற்கிற எங்கள் டிரைவரின் அப்பா. காரியத்தன்று பையனைச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடு. யார் வீட்டுப் பிள்ளை என்று ஊர் புரிந்துகொள்ளும்.

அந்தக் கடிதங்களை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார். எழுத்து ஒன்றுதான். வழக்கம்போலவே முடிக்கிறேன்.

என்றும் உன் நினைவில்,
உன்னவன்