சோறளந்த கங்கணம்

மழை தவறாத நொச்சி நாட்டின் அரியணையில் வீற்றிருக்கும் பேரரசி நன்முடியார் திருவாய் மலர்ந்தருளியபடி, பண்டாரப் பேரமைச்சர் ஏனாதி சேந்தன்பூதனார், வடமலை எல்லையின் படைத்தலைவரும் கூதிர்க் கணவாயின் காவலருமாகிய தத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டைச் சுவர்கள் உறுதியாய் நிற்க; உம் ஊற்றுகள் கோடையிலும் வற்றாதிருக்க; உம் வீரர் வீடு திரும்பும் வழியெல்லாம் நிழல் படர்க.

சுமைகாரர் தலைவன் கட்டிநாகனைச் சோம்பேறி என்று தீர்ப்பளித்து, குடும்பத்தோடு மலையிறங்கும்படி நீர் ஆணையிட்டதும், அவன் கீழுள்ள சுமைகாரர் அனைவரின் சோற்றையும் பாதியாக்கியதும் அரசியாரின் செவிக்கு எட்டின. அதற்கு நீர் காட்டிய சான்று, அவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த உழைப்புக் கங்கணம். அந்தக் கங்கணத்தை ஆக்கியவர் அரண்மனை அளவைத் தலைவி கொற்றியார். ஆகவே அவரையே உம்மிடம் அனுப்பினார் அரசியார். தம் கங்கணம் பொய்யுரைத்தது என்று தெரியவந்தால் தம் பட்டறையைத் தாமே பூட்டிவிடுவதாக அவையில் சொல்லிவிட்டுத்தான் கொற்றியார் புறப்பட்டார். அவர் கண்டவற்றைக் கண்ட வரிசையிலேயே இங்கு எழுதுகிறோம். பொறுமையாய்ப் படிப்பீராக, கருவி இயங்கும் விதம் விளங்கினால் ஆணையின் நியாயமும் விளங்கும்.

கங்கணத்துக்குள் ஒரு சிறு வெண்கல மணி உருள்கிறது. கை வீசும்போதெல்லாம் அது ஓடிப்போய் ஒரு சக்கரத்தை ஒரு பல் அளவு தள்ளுகிறது. உட்புறத்தில் நாடியின்மேல் படிந்திருக்கும் மெல்லிய தோல், துடிப்புக்குத் துடிப்பு இன்னொரு சக்கரத்தை நகர்த்துகிறது. இரண்டும் சேர்ந்து முகப்பிலுள்ள முள்ளைத் திருப்ப, அன்று அந்த உடல் எத்தனை பிடிச் சோற்றை எரித்தது என்று முள் காட்டுகிறது. கைவீச்சையும் நாடியையும் கங்கணம் எண்ணுகிறது. சோற்றையோ அது எண்ணுவதில்லை, ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்குரிய விதியைக் கொற்றியார் தலைநகரின் சமவெளியில், வெறுங்கையோடு ஓடிய இளங்காவலர்களைக் கொண்டு வகுத்திருந்தார். அங்கே அது ஓரளவு பொருந்தியும் வந்தது.

கணவாய்க்கு வந்த அன்றே கட்டிநாகன் அவர் முன் வந்து நின்று, யாரோ பொறாமைக்காரன் தன் கங்கணத்தில் மெழுகை ஊற்றி மணியை ஒட்டவைத்துவிட்டான் என்று சத்தியம் செய்தான். அம்மையார் கைப்பட்ட பொருளைக் குறைசொல்லும் துணிவு தனக்கில்லை என்றும், ஆனால் இந்தக் கங்கணம் தன் மாமியாரைப் போலத் தான் செய்வதை மட்டும் பார்ப்பதேயில்லை என்றும் முறையிட்டான். கொற்றியார் உள்ளூர மகிழ்ந்தார். மெழுகு என்றால் குற்றம் கருவியுடையதன்று. கங்கணத்தைத் திறந்து பார்த்தார். மெழுகும் இல்லை, துருவும் இல்லை. மணி புதிதுபோல உருண்டது. அப்போதுதான் அவர் முதன்முதலாகத் தம் கருவியையே ஐயுற்றார்.

மறுநாள் சுமைகாரர்களோடு அவரும் மலையேறினார். நெற்றிப்பட்டையில் கூடையைத் தொங்கவிட்டு, அந்தப் பட்டையை இரு கைகளாலும் இறுகப் பற்றியபடி அவர்கள் ஏறினார்கள். நெஞ்சு விம்முகிறது, தொடை நடுங்குகிறது, முதுகில் அரிசி அழுத்துகிறது; கை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் இருக்கிறது. மணி உருள வழியே இல்லை. நாடி விரைந்தது உண்மைதான், ஆனால் பட்டையைப் பற்றிய பிடியில் மணிக்கட்டு முறுக்கியிருந்ததால் தோல் அந்தத் துடிப்பில் பலவற்றைத் தவறவிட்டது.

கொற்றியார் விடவில்லை. கங்கணத்தைக் கட்டிநாகனின் கணுக்காலில் கட்டினார். காலடிகள் ஒன்றுவிடாமல் விழுந்தன. அதே பாதையில் வெறுங்கூடையோடு அவனை ஏறச்செய்தபோதும் காலடிக்கணக்கு மாறவில்லை. அரிசி முதுகில் இருந்ததா இல்லையா என்பது கணுக்காலுக்கு எப்படித் தெரியும்?

பிறகு கோட்டைக்குள் வந்து மற்றவர் கங்கணங்களைப் பார்த்தார். முரசறைவோன் வேங்கனின் முள், மலையேறிய எவருடைய முள்ளையும் தாண்டி நின்றது. நாளெல்லாம் கைவீசுபவன் அல்லவா! இரட்டைச் சோறு அவனுக்கு. முரசு சிறுத்துக்கொண்டே போகிறதா, இவர் பெருத்துக்கொண்டே போகிறாரா என்று அவன் மனைவி கிணற்றடியில் கேட்டுவருவதாகவும் கொற்றியார் அறிந்தார். உம் எழுத்தன் இளஞ்சாத்தனின் கதையையும் சொல்லவேண்டும். உம் முன்னே கைகட்டி நின்று வசை வாங்கிய ஒரு முற்பகலில், அவன் நின்ற இடத்திலேயே ஒரு குன்று ஏறிய அளவு சோறு எரித்தான் என்று கங்கணம் காட்டியது. அச்சத்தில் துடித்த நாடியையும் உழைப்பில் துடித்த நாடியையும் அந்தத் தோல் பிரித்தறியாது.

அப்படியானால் உண்மை அளவு எது? கொற்றியார் உப்புக்கிடங்கின் பெருந்துலாக்கோலை நாடினார். ஒரு முறை ஏறி இறங்கியதும் கட்டிநாகனை நிறுத்துப் பார்த்தார். எடை வெகுவாய்க் குறைந்திருந்தது. விடை கிடைத்துவிட்டதென்று அவர் கைதட்டுவதற்குள், அவன் ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு மீண்டும் தட்டில் ஏறினான், எடை திரும்பிவிட்டது. போனது வியர்வை. ஆகவே ஒரு திங்கள் அவகாசம் கேட்டார். நீர் உம் ஆணையை நிறுத்திவைத்து அதற்கு இசைந்தீர். அந்த நற்செயலை அரசியார் மறக்கவில்லை. நாள்தோறும் காலையில், உண்பதற்கும் பருகுவதற்கும் முன், ஒவ்வொருவரையும் நிறுத்தார். எடை இறங்கினால் சோற்றைக் கூட்டினார், ஏறினால் குறைத்தார். எடை ஏறாமலும் இறங்காமலும் நிலைத்தபோது, உள்ளே போகும் சோறும் உள்ளே எரியும் சோறும் சமம் என்றாகிறது. உடலே தன் கணக்கைச் சொல்லிவிட்டது.

சுமைகாரர் எரித்தது, முள் காட்டியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. முரசறைவோன் எரித்தது, முள் காட்டியதில் பாதிக்குச் சற்று மேல். அப்படியானால் சுமைகாரரின் முள்ளை இரட்டித்துவிட்டால் போதுமே என்று கொற்றியார் ஆசையோடு முயன்றார். அதுவும் நடக்கவில்லை. ஒரே சுமை, ஒரே பாதை, இருவர் முள்ளும் ஒரே கோட்டில். ஆயினும் ஒருவனுக்குப் போதிய சோற்றில் மற்றவன் மெலிந்தான். உடல்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.

இத்தனையும் கண்டபின் அவர் பட்டறையைப் பூட்டத் துணிந்துதான் தலைநகர் திரும்பினார். அரசியார் அதற்கு ஒப்பவில்லை. காரணம், அந்தத் திங்களின் நடுவே நடந்த ஒன்று. மாறையன் என்னும் சுமைகாரனின் நாடிச்சக்கரம், காலையில் அவன் சும்மா இருக்கும்போது நாள்தோறும் ஓடும் ஓட்டத்தைவிட ஒருநாள் கூடுதலாய் ஓடியிருந்தது. கொற்றியார் அவனை மலையேற விடாமல் படுக்கச் சொன்னார். மாலையில் கடுங்காய்ச்சல் கண்டது. பாதையில் கண்டிருந்தால் பள்ளத்தாக்கில் விழுந்திருப்பான். ஒருவனை அவனுடைய நேற்றோடு ஒப்பிட இந்தக் கங்கணம் நல்ல துணை. ஒருவனை இன்னொருவனோடு ஒப்பிடவும், அவன் தட்டில் விழும் சோற்றை அளக்கவும் அது உதவாது.

ஆகவே அரசியாரின் ஆணை இது. கட்டிநாகன் தலைவனாகவே நீடிப்பான். அவன் மேல் இட்ட பழி இந்த ஓலையோடு நீங்கியது என்று கோட்டை வாயிலில் முரசறைந்து சொல்க. வேங்கனுக்கும் அது நல்ல பயிற்சியாகும். சுமைகாரரின் சோறு துலாக்கோல் சொன்னபடி அளக்கப்படும். கங்கணங்கள் அவரவர் கையிலேயே இருக்கட்டும், மருத்துவர் பார்வைக்கு. கொற்றியாரின் பட்டறை திறந்தே இருக்கும்.

இன்னும் ஒன்று. இந்த ஓலை கைக்கு வந்த மறுநாள், தத்தனாராகிய நீரும் கங்கணம் கட்டி, ஒரு கூடை அரிசியை நெற்றிப்பட்டையில் தாங்கி, அடிவாரத்திலிருந்து கோட்டைவரை ஏறவேண்டும். அன்று மாலை உம் முள் காட்டும் சோற்றையே உண்ணவேண்டும். அதற்கு அடுத்த காலையும் அவ்வாறே ஏறிவிட்டு, இவ்வாணையில் ஏதேனும் மறுப்பு உண்டெனில் அப்போது எழுதுவீராக.

இரட்டை நாரை முத்திரை பொறித்து, அரசியார் திருமுன் கட்டப்பட்டது இவ்வோலை. மேலுறையில் எழுதியது: கொண்டுவருபவன், கொற்றியாரோடு தலைநகர் வந்திருந்த கட்டிநாகன். அவனுக்கு முதலில் சோறிடுக. பிறகு பிரித்துப் படிக்க.