கப்பல் ஓடாத கிழமை

ஓகஸ்ட் 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்தே கச்சான் காற்று. யன்னலைத் திறந்தால் தூசி, பூட்டினால் அவியல். ஞாயிறென்றும் பாராமல் கந்தோரைத் திறந்தேன். திறக்காமல் என்ன செய்வது? நான் யாத்திரைக்கு அனுப்பிய என் ஆட்கள் இருபத்திரண்டு பேர் நாகப்பட்டினத்தில்.

நாகூர், வேளாங்கண்ணி, திருநள்ளாறு, தஞ்சாவூர். எல்லாம் நல்லபடியாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையே காங்கேசன்துறையில் வந்து இறங்கியிருக்க வேண்டியவர்கள். அன்றைக்குத் தொடங்கிய காற்று.

காலையில் நசீர் போன் எடுத்தான். கிண்ணியாக்காரன். என் ஆட்களை எப்போதும் கூட்டிக்கொண்டு போய் வருகிறவன் அவன்தான்.

"அக்கா, இண்டைக்கும் கப்பல் இல்லயாம். கடல் சரியில்லயாம்."

"நாளைக்கு?"

"நாளைக்குள்ளத நாளைக்குத்தான் சொல்லுவாங்களாம்."

இன்று செய்ய:
– ஹொட்டேல்காரரிடம் இன்னும் இரண்டு நாள் கேட்க. (வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குச் சனம் வருகிறதாம். எங்களை எழுப்பப் பார்க்கிறார்.)
– அந்தோனிப்பிள்ளை மாஸ்டருக்குப் பிறஷர் குளிசை முடிகிறது. பெயரை நசீருக்கு அனுப்ப.
– பஸ்காரரைச் சமாளிக்க.
– சாப்பிட.

கடைசியைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தது.

மாஸ்டர் வட்சப் குழுவில் குரல் போட்டிருக்கிறார். எல்லாரும் கேட்கத்தான். "தங்கச்சி, தொண்ணூறில மன்னாருக்கால வள்ளத்தில ஓடி வந்தனான். அப்ப கூட இவ்வளவு நாள் கரையில நிக்கேல்ல. அதுக்கு ஒருத்தரும் ரிக்கெற்றும் கேக்கேல்ல."

பின்னேரம் இரண்டு வெள்ளைக்காரர் படியேறி வந்தார்கள். திமிங்கிலம் பார்க்கப் படகு வேண்டுமாம். என் பலகையில் கப்பல் படம் இருக்கிறதே என்று வந்திருக்கிறார்கள். கீழே படகுக்காரரிடம் அனுப்பினேன். ஊர் முழுக்கச் சுற்றுலாக்காரர். என் சுற்றுலாக்காரருக்கு மட்டும் ஊருக்கு வர வழியில்லை.

ஓகஸ்ட் 25, திங்கள்

கப்பல் இல்லை. காற்று அப்படியே.

போயிருப்பவர்களில் சத்தம் போடாத ஒரே ஆள் புவனேஸ்வரி அக்கா. தம்பலகாமத்துச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சிவபாதம் அண்ணை சிறுபோக வெட்டு நேரம் என்று வர மறுத்துவிட்டார். "நீ போ, நெல்லு நிக்காது" என்றாராம். நேற்று அக்கா ஹொட்டேல் குசினிக்குள் புகுந்து எல்லாருக்கும் பிட்டு அவித்துக் கொடுத்திருக்கிறார். மாஸ்டர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டதாக நசீர் சொன்னான். சாப்பிட்டுவிட்டுத்தான் அந்தக் குரல் பதிவைப் போட்டிருக்க வேண்டும்.

பதினொரு மணி போல் கௌரி வந்தாள். பு. அக்காவின் மகள். பாலையூற்றில் வீடு, இங்கே வங்கியில் வேலை. வெள்ளிக்கிழமையிலிருந்து போனில் எனக்கு ஏசிக்கொண்டிருந்தவள். இன்று ஏசவில்லை. கதிரையில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, அப்பா மோசம் போயிட்டார்."

விடியப்புறம் வயலுக்குப் போனவராம். வெட்டு மெசின்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றபடியே விழுந்திருக்கிறார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

போன மாதம் அக்காவின் பாஸ்போட் கொண்டுவந்து தந்தவர் அவர்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே தந்துவிட்டுப் போனவர்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரியாத ஊரில விழுந்தாவெண்டா ஆர் பாக்கிறது? எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டுக்கு வந்தாப்பிறகு நான் சொல்லுறன்."

ஓம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன செய்வது.

பிறகு முழுக்கப் போன்தான். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் புதன் மத்தியானம் ஒரேயொரு சீற். அக்காவின் பெயரைப் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறேன். நாளை பின்னேரம் ஐந்து மணிக்குள் உறுதி சொல்ல வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் கேட்டேன். பள்ளிக்கூட விடுமுறை, இல்லை, இல்லை, இல்லை.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

கப்பல் இல்லை. கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது.

நசீருக்கு விசயத்தைச் சொன்னேன். "அக்கா, நான் எப்பிடி அவட முகத்தப் பாக்கிற? விடிய எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவ."

பு. அக்காவிடம் நாங்கள் சொன்ன கதை: ஒரு சீற் கிடைத்திருக்கிறது, வயதில் மூத்தவர் நீங்கள், முதலில் போங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கென்ன குறை? கால் வீங்கின மனிசி ஒண்டு பக்கத்து அறையில கிடக்குது, அதை அனுப்புங்கோ. நான் எல்லாரோடையும் சேர்ந்து வாறன்."

இது குழுவுக்குள் போய்விட்டது. உடனே மாஸ்டர்: "ஆள் பார்த்தோ தங்கச்சி சீற் குடுக்கிறியள்? பிறஷர்காரன் நான் இஞ்ச இருக்கிறன். பிட்டு அவிக்கிறவவுக்குப் பிளேனோ?" கீழே ஐந்தாறு பேர் சரியென்று கைவிரல் அடையாளம் போட்டிருக்கிறார்கள். பதில் எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்து இப்படி ஒரு கெட்ட பெயர் வாங்கியதில்லை. வாயைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தீரும். திறக்க ஏலாது.

மத்தியானம் போனில் கௌரி. "அப்பாவை வியாழனுக்கு மேல வைச்சிருக்க ஏலாது அக்கா, இந்த வெக்கையில. சித்தப்பா ஆக்கள் நாளைக்கே எடுப்பம் எண்டு நிக்கினம்."

"அம்மா வெளிக்கிட மாட்டன் எண்டுறா கௌரி. சொன்னாத்தான் வருவா. சொல்லுவம்."

"வேண்டாம். சொன்னீங்களெண்டா நான் உங்களை மன்னிக்க மாட்டன்."

வைத்துவிட்டாள்.

மூன்று மணி. சாப்பிடவில்லை. யோசித்துப் பார்த்தேன். கப்பலை நம்பிக் காத்திருந்தால் அக்கா கணவரின் முகத்தைப் பார்க்காமலே போகலாம். பொய் சொல்லி ஏற்ற முயன்றாயிற்று, ஏறமாட்டார். கௌரி என்னை மன்னிக்காமல் விடட்டும்.

நசீரிடம் சொல்லி அறையில் அவரை இருத்தச் செய்தேன். பக்கத்தில் ஒரு பெண்ணையும். பிறகு எடுத்தேன்.

"அக்கா, சிவபாதம் அண்ணை நேற்று விடிய மோசம் போயிட்டார்."

பக்கத்திலிருந்தவரிடம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

"எங்க, வயலிலயோ?"

"ஓம்."

"தனியவோ நிண்டவர்?"

"இல்லை அக்கா. மெசின்காரர் பக்கத்தில நிண்டவர்."

"ம்."

பிறகு அவரே சொன்னார். "நேற்றையில இருந்து கௌரி எனக்கு ஏசுறாள் இல்லை. சாப்பிட்டீங்களோ அம்மா, நித்திரை கொண்டீங்களோ அம்மா எண்டு கேக்கிறாள். அப்பவே நினைச்சனான். அவரிட்டக் குடு எண்டா, குளிக்கிறார் எண்டாள். அந்த மனிசன் ஒரு நாளில எத்தினை தரம் குளிக்கும்?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"வான்காரனுக்குச் சொல்லு பிள்ளை, திருச்சிக்குப் போறன். இந்தச் சனத்துக்கு ஒண்டும் சொல்லாதை. ஏற்கெனவே நொந்துபோய்க் கிடக்குதுகள். எனக்குப் பல்லுக்குத்து எண்டு சொல்லு."

சொன்னேன். மாஸ்டர் உடனே எழுதினார்: பல்லுக்குத்துக்குப் பிளேன்!

ஓகஸ்ட் 27, புதன்

விடிய அக்கா திருச்சிக்கு வெளிக்கிட்டுவிட்டார். நசீருக்கு ஆட்களை விட்டுப் போக வழியில்லை. தனியாகத்தான்.

எட்டு மணிக்கு நசீர்: "அக்கா! கப்பல் விடுறாங்களாம்! எல்லாரையும் துறைமுகத்துக்கு வரட்டாம்!"

கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன். கைப்பிடி உடைந்துவிட்டது. யார் மேல் கோபம்? காற்று மேலா? அக்கா போகும் வாடகை வானைத் திருப்பலாமா என்று கேட்டேன். பாதி வழி தாண்டிவிட்டது. கப்பலில் வருகிறவர்களும் இன்றிரவே ஊர் வந்துவிடுவார்கள். ஒரு நாள் பொறுத்திருந்தால் அக்கா எல்லாரோடும் சேர்ந்து வந்திருப்பார். பொய்யும் தேவைப்பட்டிராது, நான் உண்மையைச் சொல்லவும் தேவைப்பட்டிராது.

பின்னேரம், காங்கேசன்துறையில் எல்லாரும் பஸ் ஏறிய பிறகு, நசீர் அவர்களுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறான். குழுவில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு கைவிரலும் இல்லை.

ஓகஸ்ட் 28, வியாழன்

செத்தவீடு. பாலையூற்றில், கௌரியின் வீட்டில். காற்றில் பந்தல் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

இருபத்தொரு பேரும் வந்திருந்தார்கள். கால் வீங்கிய மனிசியும்தான், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. மாஸ்டர் என்னைக் கண்டு எழும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, என்ர பையொண்டு கப்பலில விடுபட்டுப் போச்சு." கொஞ்சம் நின்றார். "அவசரமில்லை. பிறகு பாப்பம்." போய்த் தேத்தண்ணித் தட்டை வாங்கி, வந்த சனத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

உள்ளே போனேன். பு. அக்கா தலைமாட்டில். பக்கத்தில் கௌரி. என்னைப் பார்த்ததும் கௌரி மெல்லிய குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கத்தான், "திருச்சியில இருந்து கொழும்பு, கொழும்பில இருந்து இஞ்ச. அம்மா தனிய, முன்பின் தெரியாத ஆக்களுக்கு நடுவில அழுதுகொண்டு வந்தவ. உங்களுக்கு இப்ப திருப்தியோ?"

அவள் சொன்னதும் உண்மைதானே. வெளியே போகத் திரும்பினேன்.

அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினார்.

"அவளை விடு பிள்ளை. நான் வழி முழுக்க அழுதபடியால், இஞ்ச வந்து இவரை வடிவாப் பாத்தனான். கண்ணில தண்ணி இல்லாமல் பாத்தனான்."

கௌரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழும்பிக் குசினிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தாள்.