கிணற்றடி வரை நடந்த ஆமை

1934 மார்ச் 11, ஞாயிறு. கண்டி.

இரண்டு மாதமாகப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடந்த எங்கள் ஆமை இன்று நடந்துவிட்டது. இருட்டறையில் வைத்து வெறும் சோறு போட்டதுதான் பிழை என்று எனக்குப் பட்டது. அதனால் தினமும் முற்றத்து வெயிலில் விட்டு, முருங்கை இலையும் முட்டை ஓட்டுத் தூளும் கொடுத்து வந்தேன்.

"இது இனி எழும்பாது புள்ள, காட்டுல விட்டுடுவோம்" என்று என் கணவர் இன்று காலை கூடையோடு வந்தார். அவர் குனிந்த நேரம் ஆமை நாலு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கியது. முற்றத்தைக் கடந்து கிணற்றடி வரை போய்விட்டது.

"யா அல்லாஹ், நடக்குதே!" என்றார்.

மாலையில் பார்த்தால் முருங்கைக் கிளையை அவரே வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எத்தன கொத்து ஒடிக்கணும் புள்ள?"

வலது கால் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. இருக்கட்டும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.