மீனுக்கு எட்டாத புல்

வெள்ளிக்கிழமை இரவு, கோலா தெர்லா.

சாயங்காலம் பாகான் செராயிலிருந்து தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, இந்தத் தடவ களை எடுக்க நீ வர வேணாம்லா. நெல்லு வயல்ல மீனு விட்டிருக்கேன். களை முளைக்கிறப்பவே தின்னுடுது. அது கிளறுறதுல தண்ணியும் கலங்கியே கிடக்கு, புதுசா களை எதுவும் எழும்பல."

"ரொம்ப நல்லதுலா," என்றேன்.

"ஒனக்கும் முதுகுவலி. வீட்லயே ரெஸ்ட் எடு."

என் முதுகைப் பற்றி இவனிடம் யார் கேட்டார்கள்? ஒவ்வொரு போகமும் தேயிலைத் தோட்டத்தில் லீவு எடுத்து, பஸ் பிடித்து மலையிறங்குவது களைக்காகவா? சேற்றில் இறங்கி என் பக்கத்தில் குனிந்து களை பறிக்கும்போதுதான் அவன் வாயைத் திறந்து பேசுவான். மற்ற நாளெல்லாம் போனில் இரண்டு வார்த்தை.

கங்காணியிடம் லீவு சொல்லியாகிவிட்டது. பையும் கட்டியாகிவிட்டது. தோட்டத்து லைன் வீட்டில் தனியாக ஒரு வாரம் என்ன செய்வேன், சுவரோடு பேசுவதா?

மீன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. அது பசிக்குத் தின்கிறது.

படுத்த பிறகுதான் ஒன்று தோன்றி எழுந்து உட்கார்ந்தேன். வரப்பில் புல் வளருமே. அது மீனுக்கு எட்டாது. விடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, அதை யார் வெட்டுவது என்று கேட்க வேண்டும்.