கூரையில் செவ்வந்தி மாலை

அக்கா,

இன்று காலை கோயிலிலிருந்து செவ்வந்தி மாலை வந்தது. அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் வாசல் கூட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. தோட்டத்து லய வீட்டுக் கூரையில் நம் இன்டர்நெட் டிஷ் அப்படியே இருக்கிறது. இந்த ஆயுத பூசைக்கு நீங்கள்தான் இல்லை. காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஏழு மாதமாகிறது.

போன வருடம் இதே நாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தவர்கள் டிஷ்ஷை விடுவார்களா? சந்தனம் பூசி, மாலையை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். காசில்லாமல் தந்த சோதனை மாதம் முடிந்து இன்டர்நெட் கம்பெனி ஏஜென்ட் வந்ததும் அன்றுதான்.

"லைனே வரல்லையே. கழட்டிக்கிட்டுப் போறேன். லக்கல தோட்டத்துல கேக்குறாங்க."

நீங்கள் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சொருகினீர்கள். டிஷ் போனால் வீட்டிலிருந்தே செய்த டைப்பிங் வேலையும் போகும். நீங்கள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு உங்களை விட்டால் பேச ஆளில்லை.

எனக்குக் காரணம் தெரியும். முந்திய வாரம் ஈரச் சாக்கு ஒன்று பறந்து டிஷ்ஷில் விழுந்தபோதும் லைன் இப்படித்தான் நின்றது. ஆனால் அத்தனை பேர் முன்னால் நாக்கு எழவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள். "வாயத் தொறக்கக் காசா கேக்குறாங்க? சொல்லுடி."

"மாலை... ஈரம்."

"சாமி மாலையக் கழட்டுறதா?" என்று தோட்டத் தலைவர் முறைத்தார். நீங்கள் ஏணியில் ஏறி மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துப்பட்டாவால் துடைத்தீர்கள். எல்லோரும் போனையே பார்த்து நின்றோம். லைன் வந்தது.

அதோடு விடவில்லை நீங்கள். "அண்ணே, அந்த சாட்டலைட் எங்களுக்காகவா சுத்துது? நாங்க வாங்காட்டியும் நம்ம எல்கடுவைக்கு மேலதான் போகும். காலி பஸ் மாதிரி. கொறைச்ச காசுக்கு ஆளேத்தினா நட்டமா?"

"ராக்கெட் விட்ட காச யாரு குடுக்குறது?"

"ராக்கெட்டையும் கீழ எறக்கி, கொழுந்துச் சாக்கு மாதிரி மறுபடி பாவிக்கிறாங்களாமே."

ஏஜென்ட் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்தார். லயத்தின் பன்னிரண்டு வீடும் காசு போட்டுச் சேர்ந்தன.

இன்று அவர் திரும்ப வந்தார். விலை கூடிவிட்டதாம், சம்மதமில்லை என்றால் டிஷ்ஷைக் கழற்றுவாராம். கையில் ஸ்பேனர். "நீதானே அவளோட இருந்த, நீ பேசு" என்று பன்னிரண்டு வீட்டாரும் என்னை முன்னால் தள்ளினார்கள். முதலில் ஏணியில் ஏறி, மாலையை டிஷ்ஷில் போடாமல் அதன் கம்பத்தில் கட்டிவிட்டு இறங்கினேன்.

"அண்ணே, அந்த சாட்டலைட் எங்களுக்காகவா சுத்துது?"

குரல் நடுங்கியது, அக்கா. ஆனால் உங்கள் வார்த்தை ஒன்றும் விடுபடவில்லை.

அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"சொல்லு தங்கச்சி, கேக்குறேன்" என்றார்.